கிழட்டுக் குதிரைக்குப் புது ஓட்டம்

மண்ணெண்ணெய் விலையும் பெரிய எஞ்சின் ஆசையும் திருவனந்தபுரத்துச் சிறு மீனவரைக் கடனில் தள்ளுகின்றன. அவர் தேடும் வேகத்தில் பெரும்பகுதி அவரிடம் இருக்கும் பழைய எஞ்சினிலேயே கிடக்கிறது.

விடிந்து வெகுநேரம் ஆகாத ஆரியசாலை. சாலைக் கடைத்தெருவுக்கு வந்த மூட்டைகள் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் கயிறு, பெயிண்ட், இரும்புச் சாமான் கடைகளின் ஷட்டர்கள் ஏறுகின்றன. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய இந்தக் கடைத்தெருவில், தலைமுறைகளாகக் கடை நடத்தும் தமிழர்களின் பேரம் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் நடக்கும். வாடிக்கையாளர்களில் ஒரு சாரார் கடற்கரையிலிருந்து வருபவர்கள். பூந்துறையும் வலியதுறையும் கூப்பிடு தூரம். விழிஞ்ஞம் என்றால் முக்கால் மணி நேரப் பஸ் பயணம். நைலான் கயிறு, கிரீஸ், பெயிண்ட், போல்ட், நட்டு என்று நீளும் அவர்களுடைய பட்டியலில் எஞ்சின் சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்று இருக்காமல் போகாது.

எஞ்சின் என்றால் வள்ளத்தின் அமரத்தில், அதாவது பின்புறத்தில், தொங்கும் அவுட்போர்டு எஞ்சின். பெரும்பாலும் யமஹா அல்லது சுசூகி. மண்ணெண்ணெயில் ஓடும் இரட்டை வீச்சு, அதாவது டூ ஸ்ட்ரோக் ரகம். பத்து ஆண்டுக்கு மேல் உப்புக்காற்றும் மணலும் தின்ற எஞ்சின்கள் இந்தக் கடற்கரையில் சர்வசாதாரணம். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இருக்கும் கவலையும் ஒன்றுதான்: முன்பு போல ஓடவில்லை. பக்கத்து வள்ளம் முந்திப் போகிறது.

முந்திப் போவது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. மீன் ஏலம் கடற்கரையிலேயே நடக்கிறது. முதலில் கரை சேரும் வள்ளத்துக்கு நல்ல விலை. கூட்டம் சேர்ந்த பிறகு வரும் வள்ளத்துக்கு இறங்கிய விலை. அரைமணி நேரத் தாமதம் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். அதனால்தான் 9.9 குதிரைசக்தி வைத்திருப்பவரின் கண் 25இன் மீதும், 25 வைத்திருப்பவரின் கண் 40இன் மீதும் போகிறது. அடுத்த நிறுத்தம் வட்டிக்கடை.

எப்படி வந்தது இந்த எஞ்சின்?

கேரளக் கடலுக்கு எஞ்சின் வந்த கதை 1953இல் கொல்லத்துக்கு அருகில் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நாட்டுப் படகுகளில் எஞ்சின் பொருத்துவதுதான் ஆரம்ப நோக்கம். அது எடுபடாமல் திட்டம் விசைப்படகுகளின் பக்கம் சாய்ந்தது. இறால் ஏற்றுமதி அந்தச் சாய்வை உறுதிப்படுத்தியது. இழுவலை போட்ட விசைப்படகுகள் கரையோரக் கடலைச் சலித்தெடுக்க, துடுப்பையும் பாயையும் நம்பியிருந்தவர்களின் பங்கு சுருங்கியது. 1980களின் தொடக்கத்தில் அவுட்போர்டு எஞ்சின் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கிடுகிடுவென்று பரவியதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். ஆசைப்பட்டு வாங்கியவர்களைவிட, வேறு வழியில்லாமல் வாங்கியவர்கள் அதிகம்.

அதே காலகட்டத்தில்தான் மீனவர்களின் சொந்த அமைப்புகளும் எழுந்தன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’ 1980இல் உருவாகி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த கன்னியாகுமரிக் கடற்கரையின் முட்டத்தில், மரைன் பிளைவுட்டில் வள்ளம் கட்டும் முயற்சி 1980களின் தொடக்கத்தில் வெற்றி கண்டது. வள்ளம் செதுக்கப் பெருமரம் கிடைக்காத காலத்துக்கு அது சரியான பதில். எஞ்சினைத் தாங்கவும் வாகான படகு. 1984இல் தோன்றிய கேரள அரசின் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட், எஞ்சினும் மண்ணெண்ணெயும் வழங்கும் அமைப்பாக வளர்ந்தது. ஆக, எஞ்சின் வந்தது, அதற்குப் படகு வந்தது, கடனும் வந்தது. எஞ்சினைப் படகுக்கு எப்படிப் பொருத்துவது என்ற பாடம் மட்டும் எல்லோரையும் போய்ச் சேரவில்லை.

குதிரைசக்தி என்ற மாயை

ஒரு கணக்கு. 9.9 குதிரைசக்தி எஞ்சினை எடுத்துவிட்டு 25 குதிரைசக்தி வைத்தால் சக்தி இரண்டரை மடங்காகிறது. வேகமும் இரண்டரை மடங்காகுமா? ஆகாது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்குத் தேவைப்படும் சக்தி, ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. இரண்டரை மடங்கு சக்திக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எரிபொருள் செலவோ சக்தியோடு சேர்ந்தே ஏறும். டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு முழு வேகத்தில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை லிட்டரை ஒட்டிக் குடிக்கும். டீசல் எஞ்சின் ஏறக்குறைய அதில் பாதியில் அதே வேலையைச் செய்துவிடும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. படகு தான் எழுப்பும் அலையின் மடியிலேயே சிக்கிக்கொள்கிறது. படகு நீளமாக இருந்தால் அலையும் நீளம், வேகமும் கூடும். தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி என்றால், இந்த இயல்பான எல்லை சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒல்லியான வள்ளம் இதைக் கொஞ்சம் தாண்டும். பெரிய எஞ்சின் வைத்த, பாரம் குறைந்த ஃபைபர் படகு தண்ணீரின்மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டு நன்றாகவே தாண்டும். வலையும் ஆளும் மீனும் ஏறிய வள்ளத்துக்கு அந்தச் சறுக்கல் வாய்ப்பதில்லை. எல்லையை எட்டிய பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகினால் அமரம் அமிழும், அணியம் தூக்கும், பின்னால் பெரிய அலை எழும். எஞ்சின் சத்தமும் மண்ணெண்ணெய்ச் செலவும்தான் கூடுகின்றன. வேகம் கூடுவதில்லை.

ஆகவே பழைய எஞ்சின்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் படகு போகக்கூடிய வேகத்துக்கும் இப்போது போகும் வேகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? அந்த வித்தியாசத்தை எது தின்கிறது?

முதலில் அளவு

வேகம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதை அளந்து பார்த்ததில்லை. அளப்பது சுலபம். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்று சேர்த்துப் பார்த்தே கடலுக்குள் மீன்பாறையைக் கண்டுபிடிக்கும் திறமை இந்தக் கடற்கரைக்குச் சொந்தமானது. அதே கண்ணோடு ஒரு தேவாலயக் கோபுரத்துக்கும் இன்னொரு கோபுரத்துக்கும் இடையே ஓட்டி நேரம் பார்த்தால் போதும். ஜி.பி.எஸ். கருவி இருந்தால் வேலை இன்னும் எளிது. போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரோட்டத்தின் வேகம் எஞ்சினின் கணக்கில் சேர்ந்துவிடும். வழக்கமான ஆட்களும் வழக்கமான பாரமும் இருப்பது முக்கியம். காலி வள்ளத்தின் வேகம் ஏலக்களத்தில் உதவாது.

இதோடு எஞ்சினின் சுற்று எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பிளக் ஒயரைச் சுற்றிவிட்டாலே எண்ணிக்கை காட்டும் சிறு மீட்டர்கள் கிடைக்கின்றன. முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். 9.9 ரகங்களில் இது பொதுவாக நிமிடத்துக்கு 4,500க்கும் 5,500க்கும் இடையே அமையும். நோய் எங்கே என்று அந்த எண் சொல்லிவிடும். சுற்று சரியாக இருந்து வேகம் மட்டும் குறைவு என்றால் குறை தண்ணீருக்கு அடியில். சுற்றே எட்டவில்லை என்றால், ஒன்று புரொப்பல்லர் பெரிது, அல்லது எஞ்சினுக்கு உடம்பு சரியில்லை. சுற்று எகிறி வேகம் வரவில்லை என்றால் புரொப்பல்லர் தண்ணீரைப் பிடிக்கவில்லை.

தண்ணீருக்கு அடியில் தொலையும் வேகம்

புரொப்பல்லரின்மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று விட்டம். மற்றது பிட்ச்: நழுவாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற அளவு. எஞ்சின் 5,000 சுற்று, கியரில் பாதியாகக் குறைந்து புரொப்பல்லர் 2,500 சுற்று, பிட்ச் 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வள்ளம் போவதோ 12. மூன்றில் இரண்டு பங்கு நழுவிப் போகிறது. நடைமுறையில் அந்த 5,000 சுற்றும் வராது. பாரவண்டியை டாப் கியரில் ஏற்றத்தில் விட்டது போல எஞ்சின் முக்கி முனகும், கரி படியும், சூடேறும்.

இந்த வள்ளத்துக்கு 7 அங்குல பிட்ச் பொருத்தினால் எஞ்சின் மூச்சு விடும், சுற்று ஏறும், இழுவை கூடும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை உயரும் என்பது பொதுவான கணக்கு. லேசான ஃபைபர் படகுக்கு இதற்கு நேர்மாறான வைத்தியம். பக்கத்து வள்ளக்காரர் போட்டிருக்கும் புரொப்பல்லரையே தானும் போடுவது, அவருடைய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு படிப்பதற்குச் சமம்.

அடுத்து புரொப்பல்லரின் உடம்பு. மணலில் உரசி ஓரம் தேய்ந்த இறக்கை, பாறையில் மோதி வளைந்த இறக்கை, லேத் பட்டறையில் அவசரத்துக்கு வெல்டிங் வைத்து ஒன்று கனமாகவும் மற்றது லேசாகவும் ஆன இறக்கை எல்லாமே வேகத்தைத் தின்னும். எடை ஒத்துப்போகாத புரொப்பல்லர் உண்டாக்கும் அதிர்வு தண்டையும் சீல்களையும் அரிக்கும். சீல் போனால் கியர் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் நுழையும். கியர் ஆயில் பால் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் தளர்ந்துவிட்டால் வேடிக்கை: எஞ்சின் அலறும், வள்ளம் அசையாது. எஞ்சினைக் கழற்றிப் போட்டு ஆராய்வதற்கு முன், புஷ்ஷின்மேலும் புரொப்பல்லர்மேலும் நேர்கோடாகப் பெயிண்டில் ஓர் அடையாளம் வைத்து ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். கோடு விலகியிருந்தால் குற்றவாளி ரப்பர்தான்.

உயரம் மூன்றாவது விஷயம். புரொப்பல்லருக்கு மேலே படுக்கை வாட்டில் ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிவிளிம்போடு ஒட்டியோ, ஓர் அங்குலம் வரை கீழேயோ இருப்பது சரியான நிலை. எஞ்சின் அதற்கும் கீழே இறங்கினால் இரும்புக் காலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும் வீண் வேலை. மேலே ஏறினால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். மரப்பலகையில் எஞ்சினைத் தொங்கவிட்டு, பலகை தேய்ந்தும் சாய்ந்தும் போன வள்ளங்களில் இந்த உயரம் மாறியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அரை அங்குலப் பட்டை ஒன்றை வைத்தோ எடுத்தோ, மறுபடியும் கோபுரத்துக்குக் கோபுரம் அளந்தோ சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். செலவு ஒரு துண்டுப் பலகை.

சாய்வும் அப்படித்தான். வள்ளம் பாரத்தோடு ஓடும்போது எஞ்சினின் தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் பிடிப்பில் வரிசையாகத் துளைகளும் ஒரு பின்னும் இருக்கின்றன. பின் தவறான துளையில் இருந்தால் புரொப்பல்லர் வள்ளத்தை முன்னே தள்ளுவதோடு மேலேயோ கீழேயோ தள்ளும். ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய்க் கேன், வலை எல்லாம் அமரத்தில் குவிந்திருந்தால் எந்தத் துளையும் உதவாது. ஒரு கேனை நடுவுக்கு நகர்த்துவதே சில வள்ளங்களுக்கு ஒரு குதிரைசக்தி கூட்டியது போல.

படகின் அடிப்பாகமும் ஒரு செலவுக் கணக்குதான். பாசியும் சிப்பியும் ஒட்டிய அடிப்பரப்பு சொரசொரப்பானது. தினம் கரையேற்றும் வள்ளத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. விழிஞ்ஞம் துறைமுகத்தில் நாள்கணக்கில் மிதக்கும் படகுக்கு அதிகம். உள்ளே தேங்கும் தண்ணீர் இன்னொரு பாரம். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. கூலி வாங்காமல் கூடவே வரும் ஒன்றரை ஆள்.

எஞ்சினுக்கும் நாடி பார்க்க வேண்டும்

இத்தனையும் சரிசெய்த பிறகும் சுற்று எட்டவில்லை என்றால் எஞ்சினைத் திறக்கும் நேரம். முதல் சோதனை கம்ப்ரஷன். இரண்டு சிலிண்டர்களின் அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் அல்லது கேஸ்கட் போயிருக்கிறது. மண்ணெண்ணெய் மாடலின் கம்ப்ரஷன், அதே அளவு பெட்ரோல் மாடலைவிடக் குறைவாகவே வைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் எஞ்சினின் எண்ணைப் பார்த்துப் பயந்து கேஸ்கட்டை மாற்றினால் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

பிறகு கார்புரேட்டர். மண்ணெண்ணெய் பிசின் போலப் படிந்து ஜெட்டின் கண்ணை அடைக்கும். அதைக் கம்பியால் குத்துவது கடற்கரை வழக்கம். துளை கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதானாலும் எஞ்சின் அதிகம் குடிக்கும். கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. ஆயில் கலவையிலும் கைக்கணக்கு ஆகாது. கூடினால் பிளக்கில் கரி, குறைந்தால் பிஸ்டன் இறுகும். பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வருவது எல்லோரும் அறிந்த ஒழுங்கு. காசை மிச்சப்படுத்த அந்தக் கடைசிப் படியைத் தாண்டுபவர்கள்தான் மறுநாள் காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்க நிற்கிறார்கள். வலையோடு மெதுவாக நகரும் நேரங்களில் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் கரியாகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

மணற்கரையிலிருந்து கிளம்பும் வள்ளத்துக்குத் தனி ஆபத்து தண்ணீர் பம்ப். உள்ளேயிருக்கும் சிறிய ரப்பர் சக்கரத்தை மணல் அறுக்கிறது. குளிர்வு குறைந்து எஞ்சின் சூடேறி இழுவை இழக்கிறது. பின்புறம் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் அது எச்சரிக்கை. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவுவதும், சக்கரத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதும் புதிய எஞ்சின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வேகம் யாருக்காக?

மண்ணெண்ணெயின் கதை இந்தக் கணக்குகளுக்கு அவசரம் சேர்க்கிறது. கேரளத்தில் 2022 தொடக்கத்தில் லிட்டர் 60 ரூபாயை ஒட்டியிருந்த ரேஷன் மண்ணெண்ணெய், அதே ஆண்டின் நடுவில் 100 ரூபாயைத் தாண்டியது. மாநில அரசு மீனவர்களுக்குத் தந்த மானியம் லிட்டருக்கு 25 ரூபாய். மத்திய ஒதுக்கீடும் சுருங்கிக்கொண்டே வந்தது. பர்மிட்டுக்கு எஞ்சினைக் கொண்டுபோய் அதிகாரிகளின் கூட்டுச் சோதனைக்கு வைக்க வேண்டும்; குறிப்பிட்ட வயதைத் தாண்டிய எஞ்சினுக்கு பர்மிட் இல்லை. பழைய எஞ்சின்காரர் வெளிச்சந்தை விலைக்கு வாங்க வேண்டியதுதான். அவருக்கு ஒவ்வொரு லிட்டரும் இரட்டிப்பு வலி. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் எஞ்சினை மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. அதிலும் முதலீடு உண்டு. புரொப்பல்லரும் உயரமும் தவறாக இருந்தால் எந்த எரிபொருளும் வீண்தான்.

அந்த முப்படிக் கணக்கு மீனவருக்குச் சாதகமாகத் திரும்பும் இடமும் ஒன்று உண்டு. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருள் சுமார் 20 சதவீதம் குறையும். ஒரு மணி நேரப் பயணம் 67 நிமிடமாகும். கடலுக்குப் போகும்போது ஏலம் காத்திருக்கவில்லை. அந்த ஏழு நிமிடத்தை விட்டுக்கொடுக்கலாம். மிச்சமானதை மீனோடு திரும்பும்போது செலவழிக்கலாம். பழைய எஞ்சினுக்கும் அது ஆயுள் கூட்டும்.

ஆனால் கணக்குகளை மறக்கடிக்கும் ஓர் இடம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அஞ்சுதெங்குக்குத் தெற்கே, காயலும் கடலும் சேரும் முதலப்பொழி. அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே மணல் மேடிட்டுக் கிடக்கும் அந்த வாயில், வள்ளங்கள் கவிழ்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியிருக்கிறது. அங்கே அலைக்கு முதுகு காட்டி உள்ளே நுழையும் அந்தச் சில நொடிகளில் தேவைப்படுவது கேட்டவுடன் கிடைக்கும் இழுவை. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற பெருமைக்கு அங்கே வேலை இல்லை. ரப்பர் புஷ் நழுவினாலோ, ஜெட் அடைத்தாலோ, புரொப்பல்லர் காற்றைக் குடித்தாலோ இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பல வள்ளங்களில் இரண்டாவது எஞ்சின் ஒன்று தயாராக இருக்கும். பெரும்பாலும் அது புதியது வந்தபோது ஓய்வு பெற்ற பழைய எஞ்சின். முதல் எஞ்சின் நிற்கும்போது ஆறு பேரின் உயிர் அந்தக் கிழட்டுக் குதிரையின் கையில்தான்.

ஆரியசாலையில் வெயில் ஏறிவிட்டது. கயிற்றுச் சுருளும் கிரீஸ் டப்பாவுமாகக் கடற்கரைக்காரர்கள் கிழக்கேகோட்டைப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார்கள். புது எஞ்சினுக்கு லட்சங்கள் வேண்டும். அரை அங்குலப் பலகையும், சரியான ஒரு புரொப்பல்லரும், ஒரு ரப்பர் சக்கரமும் சாக்குப்பையிலேயே அடங்கிவிடும்.